யானைக்கா, அழுங்குக்கா? கிழக்கின் காட்டுயிர்களுக்குப் பணம் கொடுக்க நினைப்பவர்களுக்கு

கோயில் திருவிழா, பாடசாலை நூற்றாண்டு, வாசிகசாலைக் கட்டடம் என்று பணம் சேர்த்துப் பழகிய புலம்பெயர் ஊர்ச் சங்கங்கள் சில இப்போது வேறொன்றும் கேட்கின்றன: நம்முடைய பக்கத்துக் காட்டுயிர்களுக்கும் ஏதாவது செய்யலாமா? கேட்பவரின் மனத்தில் பெரும்பாலும் யானை இருக்கும், இல்லாவிட்டால் கடலாமை. கையில் இருப்பது பத்து இலட்சம் ரூபாய் அளவு என்று வைத்துக்கொள்வோம். இன்றைய மாற்று வீதத்தில் மூவாயிரத்துச் சொச்சம் அமெரிக்க டொலர். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இந்தத் தொகையை எங்கே போட்டால் ஒரு விலங்குக்காவது உண்மையில் உதவும்?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய பணம் பெரிய விலங்கிடம் போகக்கூடாது. ஊரிலேயே பலர் பெயர்கூடச் சொல்லத் தெரியாத ஒரு விலங்கின் பின்னால் ஓர் ஆண்டு முழுக்க அலைய ஆயத்தமாக இருக்கும் உள்ளூர் இளைஞர் ஒருவரின் சம்பளமாக அது போகவேண்டும். மற்றத் தெரிவுகள் கெட்டவை என்பதல்ல. அவற்றில் சிலவற்றுக்கு இந்தத் தொகை காணாது. சிலவற்றில் பணம் சேரவேண்டிய இடத்தில் சேர்வதில்லை.

உலகக் கணக்கு ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்கு வருவோம். ஹொங்கொங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வொன்று, 25 ஆண்டுகளில் நடந்த ஏறத்தாழ 14,600 பாதுகாப்புத் திட்டங்களின் பணத்தைக் கூட்டிப் பார்த்தது. மொத்தம் இரண்டு பில்லியன் டொலருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 80 வீதத்துக்கு மேல் முதுகெலும்புள்ள விலங்குகளுக்குப் போயிருந்தது. அவற்றுக்குள்ளும் பாலூட்டிகளும் பறவைகளுமே பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. இதைவிட உறுத்துவது வேறொன்று: பணத்தில் ஏறத்தாழ 29 வீதம், அழியும் ஆபத்தே இல்லாத இனங்களுக்குச் செலவாகியிருந்தது. ஆபத்தில் இருக்கும் இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. கொடுப்பவர் படத்தைப் பார்த்துக் கொடுக்கிறார். படத்தில் அழகாக விழாத விலங்கு காத்திருக்கிறது.

யானை

யானைக்குக் கொடுக்கவேண்டும் என்பவரை நான் குறை சொல்லமாட்டேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் அறுவடைக் காலத்தில் பரணில் விழித்திருப்பவர்களைக் கேட்டால், யானை என்பது பாதுகாக்கப்படவேண்டிய அரிய விலங்கு என்ற வாக்கியமே அவர்களுக்குக் கோபம் தரும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 439 யானைகளும், யானைகளால் 145 மனிதர்களும் இறந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் நாட்டிலிருந்த யானைகள் 5,879 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்பாறையின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்திக் தின்று யானைகள் சாகும் செய்தி உலகப் பத்திரிகைகள் வரை போனது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள்.

ஆனால் இந்தச் சிக்கலின் அளவு பத்து இலட்சத்தின் அளவு அல்ல. மின்வேலி, இழப்பீடு, குப்பை முகாமைத்துவம் எல்லாம் அரசின் வேலை, அரசின் பணம். ஊர்ச் சங்கத்தின் பணம் ஒரு பெரிய மின்வேலித் திட்டத்துக்குள் விழுந்தால் விழுந்த சத்தமே கேட்காது. போட்ட வேலிகளிலும் பல, காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே, ஒரு திணைக்களத்தின் எல்லைக்கும் இன்னொரு திணைக்களத்தின் எல்லைக்கும் இடையில் நிற்கின்றன. வேலிக்கு இரண்டு பக்கமும் யானை. பற்றரி செத்துக் கம்பி தொங்கியபின் யார் திருத்துவது என்று யாருக்கும் தெரியாது.

யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ போன்றவர்கள் பல காலமாகச் சொல்லிவரும் மாற்று ஒன்று உண்டு. விதைத்தபின் வட்டையை, அதாவது வயல்வெளியை, சுற்றித் தற்காலிக மின்வேலி. அறுவடை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவது. மிஞ்சிய தாளையும் கதிரையும் யானை வந்து மேய்ந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவது. வேலி விவசாயிகளுடையது, பராமரிப்பும் அவர்களுடையது. சங்கம் யானைக்குத்தான் கொடுக்கும் என்று முடிவாகிவிட்டதென்றால் இதற்குக் கொடுக்கலாம். ஒரு நிபந்தனையோடு: பாதிச் செலவையாவது கமக்காரர் அமைப்பு போடவேண்டும். முழுவதையும் வெளியிலிருந்து கொடுத்த வேலி இரண்டாம் போகத்தைத் தாண்டும் என்று நான் நம்பமாட்டேன்.

யானையைக் காத்தால் அதன் காட்டில் இருக்கும் எல்லாம் பிழைக்கும் என்ற வாதமும் உண்டு. யானையைக் குடை இனம் என்பார்கள். கல்லோயா தேசிய பூங்காவுக்கு 1954இல் எல்லை போட்டதால் அந்தக் காட்டிலிருக்கும் எத்தனையோ சிற்றுயிர்களுக்கும் இடம் கிடைத்தது உண்மை. ஆனால் நான் கவலைப்படும் விலங்குகளில் பல பூங்காவுக்குள் இல்லை. வாவிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குளக்கட்டிலும் வீட்டு வளவின் பின்பற்றையிலும் இருக்கின்றன. அந்தக் குடை அவ்வளவு தூரம் விரியாது.

கடலாமை

பாணமை, ஒக்கந்தைப் பக்கத்துக் கடற்கரைகளில் ஆமை ஏறி முட்டையிடுகிறது. உலகின் ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரைக்கு வருகின்றன. ஒலிவ் ரிட்லி ஆமை ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இட்டுவிட்டுப் போகும். ஏறத்தாழ 45 முதல் 60 நாள் வரை அந்தக் குழியை நாய், பன்றி, மனிதன் மூவரிடமிருந்தும் காத்தால் போதும்.

இதில் இரண்டு பாதைகள். ஒன்று, முட்டையைத் தோண்டி எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பது. தென்மேற்குக் கரையில் சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் காட்சி இது. குஞ்சு மணலைவிட்டு வெளிவந்த உடனே கடலுக்குப் போகவேண்டும். முதல் மணித்தியாலங்களின் வேகத்தில்தான் அது கரையோர ஆபத்தைக் கடக்கும். அதைத் தொட்டியில் நாட்கணக்காக வைத்து, கையில் தூக்கிப் படமெடுக்கக் கொடுத்து, பிறகு விடுவது ஆமைக்குச் செய்யும் உதவி அல்ல. மணலின் வெப்பநிலைதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்பதால், தவறான நிழலிலும் ஆழத்திலும் புதைத்த முட்டை பொரித்தாலும் கணக்குக் கோணும். போதாக்குறைக்கு, ஆமை முட்டையைக் கையில் வைத்திருப்பதே இந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

மற்றது, முட்டையை இட்ட இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஆள் வைப்பது. தென் கரையிலுள்ள ரேக்கவயில் 1990களில் முட்டை எடுத்து விற்றவர்களையே சம்பளம் கொடுத்துக் காவலாளிகளாக்கினார்கள். அந்த யோசனையில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை: முட்டை எடுப்பவனுக்கும் குடும்பம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குகிறது. பத்து இலட்சத்தில் ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று பேரை இப்படி வைக்கலாம். அடுத்த பருவத்துக்கும் பணம் வரும் என்று உறுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒரு வருடம் சம்பளம் கொடுத்து நிறுத்தினால், எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று முன்னைவிட நன்றாகத் தெரிந்த ஆட்களை உருவாக்கிவிட்டுப் போனதாகிவிடும்.

கண்டல் நடுவது

சங்கங்களுக்கு மிகவும் பிடித்த வேலை இது. மாணவர்கள், வெள்ளைத் தொப்பி, பதாகை, ஆளுக்கொரு கன்று. ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும்.

சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நடந்த கண்டல் மீள்நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வை, இதற்குப் பணம் கொடுக்க நினைக்கும் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும். 23 திட்ட இடங்கள், செலவு ஏறத்தாழ 13 மில்லியன் டொலர், நட முயன்ற பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டயர். தேறியது 200 முதல் 220 ஹெக்டயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரை. நீர் ஏறி இறங்கும் மட்டம் பார்க்காமல், எந்த இனம் எங்கே பிடிக்கும் என்று பார்க்காமல் நட்டார்கள். நட்டபின் திரும்பிப் பார்க்கவுமில்லை.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதன் கரையில் நிற்கும் கண்டலை வெட்டாமல் காப்பது புதிதாக நடுவதைவிட மலிவு, பலன் நிச்சயம். நிற்பதைக் காத்ததற்குத் திறப்பு விழா வைக்க முடியாது என்பதுதான் சங்கடம்.

நிற்பதைக் காக்கச் செய்த பெரிய முயற்சி ஒன்று 2015இல் தொடங்கியது. சீகொலஜி என்ற அமெரிக்க அமைப்பும் சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச என்ற அமைப்பும் அரசோடு சேர்ந்து, கண்டலைக் காக்கும் கரையோரக் கிராமங்களின் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுக்கும் திட்டம். 34 இலட்சம் டொலர். யோசனை நல்லது. ஆனால் இதன் சிறிய வடிவத்தை ஓர் ஊர்ச் சங்கம் கிழக்கில் தானாகத் தொடங்குவதற்கு முன் பத்துத் தடவை யோசிக்கவேண்டும். நுண்கடன் என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பெண்கள் எங்கள் மாவட்டத்தில் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். கடன் வசூலிக்கக் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்பவரைப் பார்த்தவர்கள். கடனையும் காட்டையும் ஒன்றாகக் கட்டினால், கடன் மேல் இருக்கும் வெறுப்பு காட்டின் மேலும் இறங்கும்.

பெயர் தெரியாதவை

பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதியில் விடியற்காலையில் வருபவர்கள் எப்போதாவது வீதியோரம் ஒரு விலங்கு கிடப்பதைக் காண்பார்கள். சிலர் புலிக்குட்டி என்பார்கள், சிலர் பெரிய காட்டுப்பூனை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். குனிந்து பார்த்தால் தெரியும்: பசுமை கலந்த சாம்பல் நிறம், உடம்பில் நீளவாக்கில் வரிசை கட்டிய கறுப்புப் புள்ளிகள், உடலுக்குப் பொருந்தாத குட்டை வால், சின்னக் காதுகள். முன்காலை விரித்தால் விரல்களுக்கிடையே பாதியளவு சவ்வு. அது மீன்பிடிப் பூனை. தண்ணீரில் இறங்கி மீன் பிடிப்பது. இனங்களை அழியும் ஆபத்தின்படி வகைப்படுத்தும் உலகச் செம்பட்டியலில் பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனம். இலங்கையின் 2012 தேசியச் செம்பட்டியலில் அதைவிட ஒரு படி மேல், அழியும் ஆபத்திலுள்ள இனம். வாவியும் வயலும் சந்திக்கும் இடமெல்லாம் அதன் வீடு. அதே இடத்தில்தான் நாம் வீதியும் போடுகிறோம்.

உடம்பெல்லாம் செதில் போர்த்திய அழுங்கின் கதை இன்னும் மோசம். எறும்பும் கறையானும் தின்று, பகலில் வளைக்குள் கிடந்து, ஆபத்து வந்தால் சுருண்டு பந்தாகிவிடும். சிறுத்தையின் பல்லுக்கு அந்த உத்தி போதும். மனிதனுக்கு அது தூக்கிச் சாக்கில் போட வசதி. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான். 2016இல் எல்லா அழுங்கு இனங்களினதும் சர்வதேச வணிகம் தடை செய்யப்பட்டது. ஆனால் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அழுங்கு விழுவதை அந்தத் தடை தடுக்காது. இறைச்சிக்காக நடக்கும் உள்ளூர் வேட்டையையும் தடுக்காது.

நீர்நாயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் யாரும் அதிகம் பார்க்கவில்லை. குளக்கட்டுக் கல்லில் காய்ந்து கிடக்கும் அதன் எச்சத்தை விரலால் நசுக்கினால் மீன் செதிலும் நண்டு ஓட்டுத் துகளும் உதிரும். எந்தக் குளத்தில் அது இருக்கிறது, எதில் இல்லாமல் போனது என்பதை வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பிலுள்ள உங்கள் ஊர் வட்டவிதானை சொல்லக்கூடும். அதை எழுதி வைத்தவர் இல்லை. பாடும் மீனை ஊரின் அடையாளமாக வைத்திருக்கிறோம். கல்லடிப் பாலத்தடியில் அந்த ஒலியை எழுப்பும் உயிர் எதுவென்று இன்னும் அறுதியாகத் தெரியாது. இந்த அலட்சியம் நமக்குப் பழகிப்போனது.

இன்னும் சிறியவை உண்டு. அம்பாறை மாவட்டத்தின் கோககலக் குன்றிலிருந்து 2019இல் ஒரு பகற்பல்லி அறிவியலுக்குப் புதிதாக விவரிக்கப்பட்டது. துட்டகைமுனுவின் வீரர் ஒருவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். தனிக் குன்றோடு வாழ்வு முடிந்துவிடும் இத்தகைய உயிர்களுக்குப் பணம்கூட அவ்வளவு தேவையில்லை. அந்தக் குன்றைக் கல்லுடைக்கக் கொடுக்கும் கடிதம் எந்த மேசையில் இருக்கிறது என்று கவனிக்கும் ஓர் ஆள் தேவை.

இவற்றுக்கெல்லாம் பொதுவான முடிச்சு ஒன்றுதான். எங்கே இருக்கின்றன, எதனால் சாகின்றன என்ற தரவு இல்லை. தரவு இல்லாததால் பணம் வருவதில்லை. பணம் இல்லாததால் தரவு வருவதில்லை. சிறிய தொகை ஒன்றால் அவிழ்க்கக்கூடிய முடிச்சு, நான் மேலே சொன்னவற்றுக்குள் இது ஒன்றுதான்.

பெரிய பணம் எங்கே இருக்கிறது

தெரியாத விலங்குகளுக்கென்றே பணம் வைத்திருப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். அபுதாபியின் முகமது பின் சயீத் இனங்கள் பாதுகாப்பு நிதியம் ஓர் இனத்தை முன்வைத்துக் கேட்பவர்களுக்கு 25,000 டொலர் வரை கொடுக்கிறது. விலங்கு மட்டுமல்ல, செடியும் காளானும்கூட. பிரித்தானியாவின் ரஃபர்ட் நிறுவனம் முதல் தடவை சில ஆயிரம் பவுண் கொடுத்து, வேலை நன்றாக நடந்தால் அடுத்தடுத்த கட்டங்களில் தொகையைக் கூட்டும். இளம் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல ஏணி இல்லை. உலகச் சுற்றாடல் வசதியின் சிறுமானியத் திட்டம், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் வழியாக, தனியாளுக்கல்லாமல் உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுக்கிறது. நீண்ட காலமாக அதன் உச்சம் 50,000 டொலராக இருந்தது. கண்டல், குளம், ஊர்க்காடு போன்ற வாழிட வேலைகளுக்கு அது பொருத்தம். ஒரு பூனையைத் தேடிப் போவதற்கு முதல் இரண்டும் பொருத்தம்.

அப்படியென்றால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து வெளியேறிய பிள்ளைகள் ஏன் வரிசையில் நிற்கவில்லை? விண்ணப்பம் ஆங்கிலத்தில். சிபாரிசு செய்ய, துறையில் பெயருள்ள சிலர் வேண்டும். முன்பு செய்த வேலைக்குச் சான்று வேண்டும். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். அது கைக்கு வர மாதங்கள் பிடிக்கலாம். அந்த மாதங்களில் வீட்டுக்குச் சோறு வேண்டும். பட்டம் பெற்று வந்த பிள்ளை ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பாள், அல்லது வங்கியில் சேர்ந்துவிடுவாள். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஊர்ச் சங்கத்தின் பணம் நிற்கவேண்டிய இடம் இந்த இடைவெளி.

பத்து இலட்சத்தின் கணக்கு

ஓர் ஆண்டுக்கு மாதம் 45,000 ரூபாய் உதவித்தொகை: 5,40,000. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் மாதம் 10,000 என்று 1,20,000. தானியங்கிக் கேமராக்கள், பற்றரி, நினைவட்டைக்கு 2,00,000. கேமரா திருட்டுப் போகும் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள்; அதற்கும் மற்ற எதிர்பாராதவற்றுக்குமாக 80,000. மிச்சம் 60,000 ஊர்க்கூட்டத்துக்கும் தேநீருக்கும், படம் அச்சடித்துக் குளக்கட்டுக் கடைகளில் ஒட்டுவதற்கும். அலுவலகம் வேண்டாம். பெயர்ப்பலகை வேண்டாம். சங்கத் தலைவரின் படம் எங்கேயும் வேண்டாம்.

ஓர் ஆண்டின் முடிவில் கையில் இருக்கவேண்டியவை: கல்முனையிலிருந்து பொத்துவில் வரை வீதியில் அடிபட்ட விலங்குகளின் திகதியும் இடமும் குறித்த பதிவேடு, எந்தெந்தக் குளத்தில் நீர்நாய், எந்த வாய்க்கால் ஓரத்தில் மீன்பிடிப் பூனை என்ற வரைபடம், அனுப்பப்பட்ட இரண்டு சர்வதேச விண்ணப்பங்கள். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் அலுமாரிக்குள் போய்விடும். அதனால் விண்ணப்பத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மீனவர், வேட்டைக்குப் போனவர், வட்டவிதானை ஆகியோரைத் தேடிப் போய்க் கேட்பதும் இந்த வேலையின் பகுதி. கேட்கும்போது பெயரோ ஊரோ வெளியே போகாது என்று உறுதி கொடுக்கவேண்டும். அழுங்கு எங்கே இருக்கிறது என்ற தகவலை முகநூலில் போடக்கூடாது. வரைபடம் திணைக்களத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போனால் போதும்; துல்லியமான இடம் வெளியில் தெரிந்தால் சாக்கோடு வருபவன் முதலில் வருவான்.

குறை ஒன்று உண்டு, மறைக்கவில்லை. பணம் ஒருவரின் மேல் தங்கியிருக்கும். அவருக்கு நாட்டைவிட்டுப் போக விசா கிடைத்துவிட்டால் வேலை நின்றுவிடும். அதனால் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரின் மேற்பார்வை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரவின் பிரதி, தவணை முறையில் பணம் ஆகிய மூன்றும் வேண்டும். நேரே தனியாளின் வங்கிக் கணக்குக்கு அனுப்புவதைவிட, முறையாகப் பதிவுசெய்த உள்ளூர் அமைப்பொன்றின் ஊடாக அனுப்புங்கள். வெளிநாட்டுப் பணம் என்றதும் கேள்விகள் வரும் மாவட்டம் இது. பிரதேச செயலகத்துக்குத் தெரியப்படுத்திச் செய்த வேலைக்குப் பதில் சொல்வது இலகு.

ஐம்பது இலட்சம் இருக்கிறது என்றால் என் பரிந்துரை மாறும். அப்போது ஒக்கந்தைப் பக்கத்தில் மூன்று பருவத்துக்கு ஆமைக் காவலையும் சேர்ப்பேன். ஒரு வட்டையில் கழற்றிப் பூட்டும் வேலியையும் பாதிச் செலவில் பார்ப்பேன். ஒரே ஓர் இலட்சம்தான் என்றால், கேமராவும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். அந்த வீதியில் தினமும் போய்வரும் பஸ் சாரதிகள், நடத்துநர்கள், ஆசிரியர்கள் பத்துப் பேருக்குத் தொலைபேசித் தரவுச் செலவைக் கொடுத்து, அடிபட்டுக் கிடக்கும் விலங்கை இடத்தோடு படமெடுத்து ஒரே இலக்கத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வருடத்துக்கு அது போதும். ஆங்கிலம் நன்றாக எழுதும் உறுப்பினர் ஒருவர் உங்கள் சங்கத்தில் இருப்பார். விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்க அவருடைய இரண்டு வார இறுதிகளைக் கேளுங்கள், அதற்குச் செலவே இல்லை.